ஸ்டீராய்டு ஏத்தியும் பார்வை தெளியலன்னா

தம்பி, தங்கச்சிக்கு கண் நரம்பு வீக்கத்துக்கு 5 நாளா மெத்தில்பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏத்தியும் வலது கண்ணு இருட்டாவே இருக்குன்னு போட்டிருந்தீங்க, மாத்திரைய போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னாங்கன்னு சும்மா இருந்துடாதீங்க. உடம்போட எதிர்ப்பு சக்தியே கண் நரம்ப தாக்குதான்னு பாக்குற அக்வாபோரின்-4, எம்ஓஜி ரெண்டு ஆன்டிபாடி டெஸ்டுக்கும் ரத்தம் குடுத்தாச்சா? ஸ்டீராய்டு கேக்கலன்னா பிளாஸ்மா மாத்துவாங்க, அதாவது ரத்தத்துல இருக்குற அந்த ஆன்டிபாடிகள வடிச்சு எடுக்குற சிகிச்சை; அதுக்கு முன்னாடியே டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துடணும், பின்னாடி எடுத்தா நெகட்டிவ்னு காட்டி ஏமாத்திடலாம். ரிசல்ட் வர நாளாகும், அதுக்காக பிளாஸ்மாவ தள்ளிப்போட வேணாம்னு டாக்டர்கிட்ட பேசுங்க, பொதுவா ஒருநாள் விட்டு ஒருநாள் 5லேர்ந்து 7 தடவ செய்வாங்க, சீக்கிரம் ஆரம்பிச்சாதான் பலன் அதிகம். எங்க மச்சினிக்கு கண்ணாடி பவர்தான்னு ரெண்டு வாரத்த வீணாக்கினாங்க, இன்னும் ஆறல எனக்கு. நீங்க பாறசாலைன்னா திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரி பக்கம்தானே, நியூராலஜில காட்டுங்க. எம்எஸ்னு (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்ங்கிற மூளை, நரம்பு நோய்) சொல்லி அதுக்கான இன்டர்ஃபெரான் மருந்து எழுதுனா மட்டும் ஆன்டிபாடி ரிசல்ட்ட கேட்டுக்குங்க, அக்வாபோரின் பாசிட்டிவா இருந்தா அந்த மருந்து நோயக் கூட்டிடும்.