ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள் குற்றவியலும் சிறைச் சீர்திருத்தமும் படிப்பதால் பயன் உண்டா?

தொண்டிப் பக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், பி.ஏ. முடித்த தம் தம்பி திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலை சேர விரும்புகிறார் என்றும், அது போலீஸ் வேலைக்கு உதவுமா, கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார். நான் தங்கச்சிமடத்தில் பிறந்தவன். அந்தத் துறையில் முதுகலை முடித்துவிட்டு, இப்போது இலவச சட்ட உதவிப் பணியில் தன்னார்வலராக இருக்கிறேன்.

வேலை பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சீருடை மட்டுமே நோக்கம் என்றால் இந்தப் படிப்பு தேவையில்லை. இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக்காவலர் பணிகளுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பொதுத் தேர்வு நடத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதும். சார்பு ஆய்வாளர், ஜெயிலர் பணிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் வேண்டும், அது உங்கள் தம்பியிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஆசை உள்ளவர் இரண்டு ஆண்டுகளைத் தேர்வுப் பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் செலவிடுவதே நல்லது.

இந்தப் படிப்பின் உயிர்நாடி, கைது நடந்த பிறகு ஒரு மனிதருக்கு என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் தீர்ப்புக்காகக் காத்திருந்த விசாரணைக் கைதிகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களைத் தவிர மற்றவற்றில், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடுவிக்க வழி செய்கிறது. அதற்கான விண்ணப்பத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பும் பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. ஆனால் யாருடைய நாள் எப்போது நிறைகிறது, அவர்மீது வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளனவா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பிரிவு புத்தகத்திலேயே கிடக்கும். வெளியே இருப்பவர்களுக்குச் சிறு வேலையாகத் தெரியும் இந்தக் கணக்கை, உள்ளே நேரில் வந்து பார்க்கக்கூட ஆள் இல்லாமல் இருப்பவர் எவ்வளவு பெரிதாக எண்ணுவார் என்பதைச் சட்ட உதவிக்கு வரும் தாய்மார்களிடம் பேசிப் பேசித்தான் நான் உணர்ந்தேன்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இவை புதியவை என்றும் சொல்ல முடியாது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் வீடுகளில் காவல் நீட்டிப்பு என்ற சொல் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டவர் மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவதும், ஒத்திவைக்கப்பட்ட தண்டனையுடன் திரும்பியவர் மறுபடி சிக்கினால் அந்தப் பழைய தண்டனையும் சேர்ந்துகொள்வதும் இங்கே அன்றாடப் பேச்சு. கடல் அட்டையைப் பாருங்கள். 2001-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் அது சேர்க்கப்படும்வரை, அதை எடுப்பதும் விற்பதும் மன்னார் வளைகுடாவில் தலைமுறைத் தொழில். அதன்பின் அதே கை செய்த அதே வேலை வழக்காயிற்று. அந்த உயிரினத்தைக் காக்கவேண்டிய தேவையை நான் மறுக்கவில்லை. ஒரு செயல் எப்படிக் குற்றமாகிறது, அதன் சுமை யார்மீது இறங்குகிறது என்று கேட்பதுதான் குற்றவியலின் முதல் பாடம், அதை நம் கரையிலிருந்தே தொடங்கலாம் என்கிறேன்.

கரையை விட்டு உள்ளே போனால் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் ஆப்பநாட்டில் 1929-இல் ஒரு சமூகத்தையே, பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று கருதும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்த வரலாறு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டாலும் அதன் நிழல் சிறை விதிகளில் நீடித்தது. 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம், சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகளும், சீர்மரபினரை, அதாவது முன்பு அந்தச் சட்டத்தின்கீழ் இருந்த சமூகங்களை, வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் விதிகளும் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

இந்தப் படிப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நன்னடத்தை அலுவலரின் அறிக்கை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, குற்றவாளி என்று முடிவான ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட நீதிமன்றம் எண்ணும்போது, அவருடைய வீடு, தொழில், குணம் ஆகியவற்றை விசாரித்து எழுதப்படும் அறிக்கையைக் கருத்தில் கொள்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், இளைஞர் நீதிச் சட்டப்படி முதன்முறை முன்னிலைப்படுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை வரவேண்டும். இப்போது நம் ஊர் வீடு ஒன்றுக்கு, கடலைப் பார்த்தே பழகாத ஓர் அலுவலர் போகிறார் என்று வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது, தகப்பனுக்கு வருமானம் இல்லை. மற்ற மாதங்களிலும் மாதச் சம்பளம் கிடையாது, கிடைக்கும் மீனைப் பொறுத்துப் பங்கு. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் கடனாக நிற்கிறது. மகன் பள்ளியை விட்டுவிட்டுப் படகில் ஏறியிருக்கிறான். இவற்றைக் கேட்டவர், நிலையான வருமானமில்லாத, பொறுப்பற்ற குடும்பம் என்று எழுதிவிடலாம். அதே வீட்டை நம் கரைப் பிள்ளை விசாரித்தால், தகப்பன் கடலில் இருக்கும்போது பையனைப் பார்த்துக்கொள்வது சித்தப்பாவா, தாய்மாமனா, வலை பின்னும் இடத்தில் அவனுக்கு வேலை கொடுக்க யார் முன்வருவார், பங்குத்தந்தையோ ஜமாத்தோ ஊர்த் தலைவரோ யார் சொன்னால் அவன் கேட்பான் என்று எழுதத் தெரியும். அந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் நீதிபதி முடிவெடுக்க நேர்கிறது. உங்கள் தம்பி போகட்டும் என்று நான் சொல்வது இதற்காகவே.

போகுமுன் அவர் அறிந்திருக்க வேண்டியவை: பாட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், முதல் பருவம் கடினமாகவே போகும். நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் குறைவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள், அவற்றில் சிலவற்றுக்குச் சட்டப் பட்டமும் கேட்பார்கள்; ஆகவே பிறகு சட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் இந்த முதுகலை அதற்கு நல்ல அடித்தளம். ஆசிரியப் பணிக்கு விருப்பமிருந்தால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் குற்றவியல் தனிப்பாடமாகவே உள்ளது. வீட்டில் உடனடி வருமானம் தேவைப்படும் நிலை என்றால், முதலில் ஒரு வேலையைப் பிடித்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்துச் சேரட்டும். சேர்ந்தால் களப்பணிக்குச் சிறையையும், வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பைத் தேடி வெளியூர் போக வேண்டாம். பிடிபட்டுத் திரும்பிய மீனவர்களின் குடும்பங்கள் அந்த மாதங்களை எப்படிக் கடந்தன என்பதைத் தொண்டியிலிருந்தே எழுதலாம்.