கை அச்சு எடுத்தால் கைவிட்டதாக ஆகிவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மூளைத்தண்டில் கட்டி. கதிர்வீச்சு முடிந்து வீட்டில் இருக்கிறான். கை அச்சு எடுத்து வைக்கலாம், நினைவுப் பெட்டி செய்யலாம் என்று வார்டு நர்ஸ் சொன்னார். "அவனை அனுப்ப நாமே தயாராகிவிட்டோமா?" என்று கணவர் கோபப்படுகிறார். இதற்கிடையில் ஒருவர் போன் செய்து, கை வார்ப்பு, வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து பேக்கேஜாகத் தருகிறேன், நேரம் குறைவு, சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறார். மகன் பயந்துவிடுவானோ? நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்தப் போன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கை அச்சு எடுப்பதால் ஒரு மாத்திரைகூடக் குறையப் போவதில்லை. குழந்தைகளுக்கான நோய்த்தணிப்பு சிகிச்சை, அதாவது வலியையும் வேதனையையும் குறைத்துக் குடும்பத்துக்கும் துணை நிற்கும் கவனிப்பு, நோயைக் கண்டுபிடித்த நாளிலேயே தொடங்க வேண்டும், நோய்க்கான மருத்துவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது கூடவே போகும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே சொல்லிவிட்டது. கை அச்சு, நினைவுப் பெட்டியெல்லாம் அந்தக் கவனிப்போடு சேர்ந்தவைதான். நடைமுறையில் என்ன நடக்கிறது? தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி நேரத்தில், வீங்கிப்போன கையில் மை தடவி அச்சு எடுக்கிறார்கள். வார்டில் குழந்தைகளோடு விளையாடிப் பேசிப் பழகுவதற்கென்றே இருக்கும் பணியாளர்தான் இதற்குச் சரியான ஆள். அந்தப் பதவியை அலங்காரச் செலவு என்று நினைக்கும் நிர்வாகங்களிடம் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் நர்ஸ் இப்போதே சொன்னது உங்கள் அதிர்ஷ்டம்.

பையன் பயப்படுவானா? 1970-களில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் ரத்தப் புற்றுநோய் வார்டில் குழந்தைகளோடு பழகிப் பார்த்தார். யாரும் சொல்லாமலேயே அவர்களுக்குத் தங்கள் நிலை தெரிந்திருந்தது. பெரியவர்கள் தாங்க மாட்டார்கள் என்று தெரியாததுபோல் இருந்தார்கள். 2004-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசினீர்களா என்று கேட்டார்கள். பேசிய 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். இதைப் படித்துவிட்டு இன்று இரவே அவனை உட்கார வைத்துப் பேசாதீர்கள். கையில் பசையும் காகிதமும் இருக்கும்போது, கேட்க வேண்டும் என்று தோன்றினால் அவனே கேட்பான். அப்போது பொய் சொல்லாதீர்கள், அது போதும்.

பெட்டியை அவன் பெட்டியாகவே விடுங்கள். "உன்னைப் பத்தி ஒரு பெட்டி செய்யலாமா, எதெல்லாம் போடலாம்?" என்று கேளுங்கள். சக்கரம் கழன்ற கார், கேமில் ஜெயித்த படம், யாரையோ கிண்டல் செய்து வரைந்த கார்ட்டூன் என்று ஏதாவது போடுவான். அழகாக இல்லையே என்று மாற்றாதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பியிருக்கும் குழந்தைகள் பலருக்குக் கேமரா என்றாலே பிடிக்காது. அவர்களைச் சிரிக்கச் சொல்லி வீடியோ எடுப்பது கொடுமை.

அவன் மனசு வரும்வரை காத்திருங்கள் என்பதுதான் என் பொது விதி. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, உங்கள் மகன் அதில் வருவதால் விரிவாகவே சொல்கிறேன்: குரல். மூளைத்தண்டுக் கட்டி பேச்சையும் விழுங்குவதையும் பாதிக்கலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு பலருக்குப் பேச்சு கொஞ்ச காலம் தெளிவடையும். அப்படித் தெளிந்திருந்தால் இந்த வாரமே அவன் குரலைப் பதியத் தொடங்குங்கள். மூச்சுவிடக் கழுத்தில் குழாய் வைக்கப்போகும் குழந்தைக்கும் இதே அவசரம் உண்டு. இப்படிப் பதிவு செய்வதை வெறும் ஞாபகார்த்தமாக நினைக்காதீர்கள். பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையின் பேச்சு நிபுணர் ஜான் காஸ்டெல்லோ, அறுவை சிகிச்சைக்குப் பின் பேச முடியாமல் போகவிருந்த குழந்தைகளின் சொற்களை அவர்கள் குரலிலேயே முன்கூட்டிப் பதிந்து, கருவியில் பொத்தானைத் தொட்டால் ஒலிக்கும்படி செய்தார். நாளைக்குப் பேச்சு குழறினால் உங்கள் மகனுக்கும் அது உதவும். அதனால் "அம்மா, ஐ லவ் யூ" என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். "தண்ணி வேணும்", "திருப்பிப் படுக்க வை", "லைட்டை அணை", "போடா லூசு" என்று தினமும் சொல்வதையெல்லாம், திட்டுவது உட்பட, பதியுங்கள். சிரிப்பையும் பதியுங்கள். ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனி கோப்பாக எடுங்கள். ஐந்து நிமிடத்தில் களைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று பிரதி வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும், அவன் சும்மா சோம்பல்பட்டால் கொஞ்சம் வற்புறுத்தலாம். உண்மையாகவே மறுத்தால், அங்கேயும் நிறுத்திவிடுங்கள்.

சரி, பேக்கேஜ்காரர். உங்கள் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது? வார்டிலிருந்து யாரோ கொடுத்திருந்தால் அது புகார் செய்ய வேண்டிய விஷயம், செய்யுங்கள். "நேரம் குறைவு" என்று சொல்லி விற்பவரை நான் வீட்டுக்குள் விட மாட்டேன். ஒப்பந்தத்தின் கடைசியில் பிள்ளையின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கும். வீடியோவை "என்றென்றும்" பாதுகாக்க ஆண்டுக் கட்டணம் என்று இன்னொரு வரி இருக்கும், கட்டணம் நின்றால் வீடியோவும் போய்விடும். நன்கொடை திரட்டுபவர்களும் பரிசுப் பையோடு இதேபோல் ஒரு தாளை நீட்டுவார்கள். மருத்துவமனைகளும் சளைத்தவை அல்ல: சிகிச்சைக்கான ஒப்புதல் படிவக் கட்டின் நடுவில் புகைப்பட அனுமதியைச் செருகிவிடுகிறார்கள். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாமல் விடுங்கள். அதற்காகச் சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.

இன்னொன்று, கையை நேராக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்குள் விடச் சொன்னால் ஆளை வெளியே அனுப்புங்கள். இறுகும்போது அது தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். 2007-ல் இங்கிலாந்தில் பள்ளி மாணவி ஒருவர் அப்படிக் கையை விட்டு விரல்களை இழந்தார். பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் அல்ஜினேட்தான் தோலில் படலாம். சில நிமிடங்களில் இறுகும். கையை எடுத்த பிறகு அந்தக் குழிக்குள் பிளாஸ்டரை ஊற்றலாம். அல்ஜினேட் காய்ந்தால் சுருங்கும், அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். அல்ஜினேட் தூளைத் தண்ணீரில் கலக்கும்போது பையன் பக்கத்தில் இருக்க வேண்டாம். ஊசி போட்ட கையை விட்டுவிட்டு மற்றக் கையில் எடுங்கள். தோல் புண்ணாக இருந்தால் மை அச்சு போதும்.

வீட்டில் எல்லோரும் கை அச்சு எடுங்கள். வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையும், உங்கள் கையும் அதே காகிதத்தில் இருக்கட்டும். உங்கள் கணவருக்கு விளக்கவுரை எதுவும் வேண்டாம். பையன் குரலைப் பதியும்போது போனைப் பிடிக்க ஒரு ஆள் தேவை, அவரைக் கூப்பிடுங்கள். அன்று வர மறுத்தால், வேறொரு நாள் கூப்பிடுங்கள்.