வெம்பிளியில் வென்றவருக்கு வேலை இல்லை

கேள்வி: இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் ஆடும் முன்கள வீரர்கள் சிலர், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு கிளப் என்று மாறிக்கொண்டே இருக்கிறார்களே, திறமைக் குறைவுதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் ஒப்பந்தமே காரணம். பிரீமியர் லீக்குக்குக் கீழே மூன்று படிகளில், படிக்கு 24 வீதம், 72 கிளப்புகள் உள்ளன. அவற்றில் கடைசி இரு படிகளான லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்குப் பண வசதி குறைவு என்பதால், முப்பதை நெருங்கும் வீரருக்கு நீண்ட ஒப்பந்தம் தரத் தயங்குகின்றன. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது என்ற பட்டியல் மே மாதத்தில் வந்துவிடும். மேலாளர் மாறினாலும் சிக்கல்தான். உயரப் பந்துக்காக முந்தையவர் எடுத்த ஆள், தரையோடு பந்தைக் கடத்த விரும்பும் புதியவருக்குத் தேவைப்படமாட்டார்.

முன்கள வீரர் அடெபாயோ அக்கின்ஃபென்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன்காரரான இவர் தொடங்கியதே லிதுவேனியாவின் அட்லாண்டாஸ் கிளப்பில்; அங்கே நிறவெறி வசைகளைத் தாங்கினார். பிறகு டார்க்கீ, ஸ்வான்சீ, மில்வால், நார்த்தாம்ப்டன், கில்லிங்காம் என்று நீண்டது பயணம். ஏறத்தாழ 100 கிலோ எடை கால்பந்துக்கு ஆகாது என்றார்கள். ஆனால் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னாலிருந்து இடிக்கும் தடுப்பாட்டக்காரரை அசைய விடாமல், நெஞ்சில் வாங்கிய பந்தை ஓடிவரும் சக வீரருக்கு இறக்கிக் கொடுக்க அந்த உடம்புதான் அவருக்கு மூலதனம்.

2006இல் ஸ்வான்சீக்காக ஆடிய லீக் ஒன் பிளே-ஆஃப் (மேல்படிக்கு உயரும் கடைசி இடத்துக்கான போட்டி) இறுதியில், ஷூட்அவுட் பெனால்டியை இவர் தவறவிட, கிளப் தோற்றது. பத்து ஆண்டுகள் கழித்து லண்டனின் வெம்பிளி மைதானத்தில், லீக் டூ பிளே-ஆஃப் இறுதியில், ஏஎஃப்சி விம்பிள்டனின் மாற்று வீரராக இறங்கியவர், ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியைச் சக வீரரிடம் மல்லுக்கட்டி வாங்கி அடித்து, பிளிமத்தை 2-0 என வீழ்த்த உதவினார். விம்பிள்டன் லீக் ஒன்னுக்கு உயர்ந்தது. இவருக்கோ ஒப்பந்தம் முடிந்துவிட்டது. தாம் இப்போது வேலையில்லாதவர் என்றும், மேலாளர்கள் வாட்ஸ்அப்பில் அழைக்கலாம் என்றும் தொலைக்காட்சியிலேயே சொன்னார். விக்கம் வாண்டரர்ஸ் மேலாளர் கேரத் எய்ன்ஸ்வர்த் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: மேல்படியில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லையா?

பதில்: பிரீமியர் லீக் கிட்டவில்லை. 2020 பிளே-ஆஃப் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என வென்ற விக்கம், தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரீமியர் லீக்குக்கு அடுத்த படியான சாம்பியன்ஷிப்பை எட்டியபோது அவருக்கு வயது 38. அடுத்த ஆண்டே கிளப் கீழிறங்கியது. 2022இல், நாற்பது வயதில், அவர் ஓய்வு பெற்றார். ஆறு ஆண்டுகள் அவர் தொடர்ந்து நிலைத்தது விக்கமில் மட்டுமே. அந்த ஆறு ஆண்டுகளிலும் அங்கே மேலாளர் மாறவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.