நாலு பேர் மட்டும் பேசும் மேடையை மாற்றுவது எப்படி?

கேள்வி: 13 முதல் 17 வயது வரையுள்ள 40 பேருக்கு ஒரு நாள் பேச்சு நிகழ்ச்சி நடத்தப்போகிறோம். சென்ற முறை நாலைந்து பேர்தான் மேடையேறினார்கள், மற்றவர்கள் போனில் மூழ்கிவிட்டார்கள். நேரலை செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று பெற்றோர் கேட்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் பிள்ளைகளை வாயடைக்க வைப்பது பெரும்பாலும் கேலி பயம்தான். அந்தப் பயத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளில் பாதி பாதுகாப்பு ஏற்பாடுகளாகவும் ஆகிவிடும்.

முதலில் மேடையை மறந்துவிடுங்கள். 40 பேர் ஆளுக்கு 3 நிமிடம் பேசினாலே 2 மணி நேரம். அதில் ஒருவர் பேசுவது 3 நிமிடம், சும்மா உட்கார்ந்திருப்பது மீதி முழுவதும். போனை எடுக்காமல் என்ன செய்வார்கள்? எட்டெட்டுப் பேராக ஐந்து வட்டங்கள் போடுங்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லோரும் ஒரு சுற்று பேசிவிடலாம். ஒவ்வொரு வட்டத்துக்கும் பெரியவர்கள் இருவர் வேண்டும். அவ்வளவு ஆட்கள் இல்லையென்றால் எல்லா வட்டங்களையும் ஒரே கூடத்தில், ஒருவர் கண்ணில் மற்றவர் படும்படி அமையுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிரபலமான சிறப்பு விருந்தினருக்கும் இதே விதிதான்.

தலைப்புகளை ஒரு வாரம் முன்பே அவர்களிடமே துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12ஆவது பிரிவில் சொல்கிறது. நாம் எழுதிக்கொடுத்ததை அவர்கள் ஒப்பிப்பதில் அந்த உரிமை எங்கே இருக்கிறது? ஆனால் ‘என் வாழ்வின் பெரிய துயரம்’ போன்ற தலைப்புகளைத் தயங்காமல் நீக்குங்கள். கண்ணீர் வந்தால் நிகழ்ச்சி களைகட்டும் என்று நினைக்கும் அமைப்பாளர்கள் உண்டு. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை எப்படி முகம் கொடுக்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

‘இப்போது வேண்டாம்’ என்று காரணம் சொல்லாமல் விலகும் உரிமையைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். உட்கார்ந்தபடி பேசலாம், பார்த்துப் படிக்கலாம், இரண்டு பேராகவும் பேசலாம். நேரக் கணக்குக்கு, மேடைப்பேச்சுப் பயிற்சிச் சங்கமான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களின் வழக்கம் நல்லது: நேரம் முடிய நெருங்குவதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் காட்டுவார்கள், நடுவில் மணி அடித்துப் பதற வைப்பதில்லை. முதல் முறைக்குப் பரிசும் மதிப்பெண்ணும் வேண்டாம். கேட்டவர்களில் ஒருவர், பேச்சில் தன் மனதில் நின்ற ஒரு வரியைத் திருப்பிச் சொல்லட்டும். அடுத்து தன் முறையும் வரலாம் என்பதால் போன் தானாகப் பைக்குள் போகும்.

இவ்வளவு செய்தும், பேச்சின் நடுவே ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் வன்முறையையோ தன்னையே காயப்படுத்திக்கொள்வதையோ சொல்லிவிடலாம். பலரும் தடுமாறும் இடம் இதுதான். நடத்துபவர் அமைதியாக நன்றி சொல்லி, எல்லோருக்கும் சிறு இடைவேளை விடட்டும். அனைவர் முன்னும் மேற்கொண்டு கேள்வி வேண்டாம். முன்கூட்டியே நியமித்த பொறுப்பாளர் அந்தப் பிள்ளையோடு மற்றவர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் காதுக்கு எட்டாத இடத்தில் உட்காரட்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. உதவக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். துருவி விசாரிக்காமல், பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிவைத்து, அன்றைக்கே உங்கள் நாட்டுச் சட்டப்படி குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். உடனடி ஆபத்து இருந்தால் அவசர உதவியை அழையுங்கள். வீட்டில் உள்ளவர் மீதே புகார் என்றால், வீட்டுக்குப் போன் செய்வதற்கு முன் அத்துறையின் ஆலோசனையைக் கேளுங்கள். அந்தத் தொலைபேசி எண்கள் காலையிலேயே பொறுப்பாளர் கையில் இருக்கட்டும்.

இப்படி ஒன்று நடக்கலாம் என்பதாலேயே நேரலை வேண்டாம் என்கிறேன். வெளியே போன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. வேண்டுமானால் பதிவு செய்து, சில நாள் கழித்துப் பார்த்து, தகுந்ததை மட்டும் வெளியிடுங்கள். பெற்றோர் கையெழுத்து போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். கலந்துகொள்ளும் படிவமும் படம் எடுக்கும் ஒப்புதலும் தனித்தனித் தாளில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், படம் வேண்டாம் என்பவர்கள் வரவே தயங்குவார்கள். முழுப்பெயர், பள்ளி, சீருடை எதுவும் காணொளியில் தெரிய வேண்டாம்.