தேய்ந்த நடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் சிறுகதையைப் படித்துவிட்டு, 'சில இடங்களில் நடை தேய்ந்திருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் பிறரைப் பார்த்து எழுதியது என்கிறீர்களா? நான் அப்படிச் செய்யவில்லை. சங்கப் பாடல்களிலும் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறதே, அவையும் தேய்ந்தவையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் யாரையும் பார்த்து எழுதவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படி எழுதியிருந்தால் 'நகல்' என்றிருப்பேன். அப்போது யாருடைய நகல் என்றும் நான் காட்டியாக வேண்டும். தேய்ந்த தொடருக்குச் சொந்தக்காரர் கிடையாது. பல கை மாறி முத்திரை அழிந்த காசு அது. 'கண்கள் குளமாயின' என்று முதலில் சொன்னவர் மனதில் ஒரு குளம் இருந்திருக்கும். இப்போது வாசிக்கிறவருக்கு அதில் தண்ணீரே தெரிவதில்லை. எந்த வரி என்று காட்டாமல் பொதுவாகச் சொன்னது என் பிழைதான். உங்கள் கதையில் வரும் இந்தக் 'கண்கள் குளமாயின' வரியைத்தான் சொன்னேன்.

சரி, சங்கப் பாடல். பழையதும் பொதுவானதும் தேய்ந்ததாகிவிடாது. குறுந்தொகையில் 54ஆம் பாடலைப் பாருங்கள். தினைப்புனம் காப்பவரின் கவண் ஒலிக்கு மிரண்ட யானை, வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலை விட்டுவிடுகிறது. அந்த மூங்கில் மீனைப் பிடித்த தூண்டில்போல மேலே எழுகிறது. 74ஆம் பாடலிலும் மூங்கில்தான் எழுகிறது, ஆனால் அவிழ்த்துவிட்ட குதிரைபோலத் துள்ளி. மலை அதே மலை, மூங்கில் அதே மூங்கில். இரண்டு புலவர்களும் தங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்தப் புலவர்களின் இயற்பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை, உவமைகளே பெயராகிவிட்டன: மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

அப்புறம், உங்கள் கதையில் அம்மா பேருந்துச் சீட்டை மடியில் வைத்து நீவி நீவி நான்காக மடிக்கிறாளே, அதை நான் வேறெங்கும் படித்ததில்லை. அடுத்த வரியிலேயே அவள் கண்கள் குளமாகிவிடுகின்றன. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, சீட்டை மடிப்பதோடு பத்தியை நிறுத்தி, இன்னொரு முறை எனக்கு அனுப்புங்கள்.