சி.எஸ்.ஆர். ரசீது எப்.ஐ.ஆர். ஆகாது: காவல் நிலையம், நீதிமன்றம் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காவல் நிலைய வாசலில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டவை. வழக்குகள் நிலுவையில் இருப்பதால் பெயர்களை நீக்கி ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

என் கடையில் திருட்டு நடந்து இரண்டு மாதம் ஆகிறது. சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திண்டுக்கல்)

வழக்கே இல்லை. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அந்த ரசீது. எப்.ஐ.ஆர். பதிவானால்தான் புலன்விசாரணை, குற்றப்பத்திரிகை, நீதிமன்றம் எல்லாம். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் லலிதா குமாரி வழக்கில் 2013இல் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) போலீசாருக்கு ஒரு சலுகை இருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு முதல்கட்ட விசாரணை செய்யலாம். அதற்கும் 14 நாள்தான். உங்களுக்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது.

நாளைக்கே புகாரின் நகலை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பலன் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எப்.ஐ.ஆர். போட்டதும் நகல் உங்களுக்கு இலவசம். கேட்டு வாங்குங்கள்.

ஓடும் ரயிலில் கைப்பை பறிபோனது. இறங்கிய ஊரில் புகார் கொடுத்தால் ‘எங்கள் எல்லை இல்லை’ என்கிறார்கள். (விழுப்புரம்)

எல்லை பார்க்காமல் வாங்கவேண்டும் என்று சட்டமே இப்போது சொல்கிறது. பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவு. பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை.

சாட்சி சொல்ல வரச்சொல்லி மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அவசரத்தில் படிக்கவில்லை. ஒரு தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்று நினைவு. ஏதாவது ஆபத்தா? (தேனி)

எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. நிலப்பத்திரத்தை வரிவரியாகப் படிப்பவர்கள், காவல் நிலையத்தில் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சாட்சி போலீசாரிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பது சட்டம். பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் கையெழுத்து உண்டு. ஆனால் உங்கள் கண் முன்னால் பொருள் கைப்பற்றப்பட்டிருந்தால்தான் அந்த மகஜருக்கு நீங்கள் சாட்சி. நீங்கள் போகாத இடத்தில், பார்க்காத கத்தியைக் கைப்பற்றியதாக அந்த வெற்றுத்தாள் நாளை நீதிமன்றத்துக்கு வரலாம். அதன்பேரில் யாரோ ஒருவர் சிறைக்குப் போகலாம், அல்லது உண்மையான குற்றவாளி தப்பலாம்.

எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் கையெழுத்திட்டீர்கள் என்று இன்றே எழுதி எஸ்.பி.க்கும் அந்த எல்லை மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்புங்கள். கூண்டில் ஏறும்போது பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

68 வயது அம்மாவைச் சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு அழைத்துவரச் சொல்கிறார்கள். (கும்பகோணம்)

அழைத்துப் போகவேண்டாம். பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்கவேண்டும். உங்கள் தாயாருக்கு இரண்டும் பொருந்துகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் பொய் வழக்குப் போட்டுவிட்டார். ஜாமீன் கிடைக்குமா? உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடவில்லை)

என்ன பிரிவு, எப்போது பதிவானது, கைது நடந்ததா, நோட்டீஸ் வந்ததா? ஒன்றையும் சொல்லாமல் உடனே பதில் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வேன்? ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றமானால், கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுதவேண்டும். இல்லையென்றால் ஆஜராகும்படி நோட்டீஸ்தான் தரவேண்டும். அர்னேஷ் குமார் வழக்கு, 2014. எப்.ஐ.ஆர். நகலை எடுத்துக்கொண்டு உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள். பெரும்பாலான எப்.ஐ.ஆர்.கள் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கும்.

செயின் பறித்தவர்களின் கையில் மாவுக்கட்டைப் பார்க்கும்போது மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால் பத்து வருடம் இழுக்கிறது. போலீஸ் இரண்டு தட்டுத் தட்டினால் என்ன தவறு? நல்லவனுக்கு என்ன பயம்? (மதுரை)

கழுத்து அறுபட்ட பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள். கட்டுப் போட்டிருப்பவன்தான் பறித்தவன் என்று உங்களுக்குச் சொன்னது யார்? அந்தக் கையை உடைத்தவர்களே.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்துப் போனார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார். காரில் இருந்த நகை காணாமல் போனதாக ஒரு புகார். எப்.ஐ.ஆர். போடும் முன்பே தனிப்படை அழைத்துப்போய் விசாரித்தது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். இந்த மூவரில் யாரையும் எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லவில்லை. இவர்கள் இறக்காமல், கட்டோடு மட்டும் வெளியே வந்திருந்தால், ‘தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார்’ என்ற வரியோடு ஒரு படம் உங்கள் கைபேசிக்கு வந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தும் உங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். நல்லவனுக்கு என்ன பயம் என்கிறீர்களே, அந்த மூவருக்கும் அது எதற்கு உதவியது?

காவல் நிலையக் கழிவறையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025இல் கேட்டது.

அடித்தால் வழக்கு நிற்கும் என்று நினைப்பதும் தவறு. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம். புதிய சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. குற்றவாளி சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால் அந்தத் தகவல் அளவுக்கு மட்டும் ஏற்பார்கள். கட்டோடு ஒருவன் கூண்டில் நின்றால் அந்தப் பொருளே அவனிடம் கிடைத்ததா, போலீஸ் கொண்டுவந்து வைத்ததா என்று நீதிபதிக்குச் சந்தேகம் வந்துவிடும். வழக்கறிஞராக நான் வாதாடிய கட்சிக்காரர்களில் சிலருக்கு விடுதலை வாங்கித் தந்தது அரசு மருத்துவமனையின் காயச் சான்றிதழ்தான். அவர்களில் உண்மையில் திருடியவர்களும் இருந்திருக்கலாம். நகையைப் பறிகொடுத்தவருக்கு அதனால் கிடைத்தது ஒன்றுமில்லை.

இன்னொன்று. முகத்தைப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்துகிறார்கள். சாட்சி அந்த முகத்தைத் தெருவில் பார்த்தாரா, செய்தித்தாளில் பார்த்தாரா என்பது குறுக்கு விசாரணையில் என் முதல் கேள்வி. வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

பத்து வருடம் இழுக்கிறது என்பது உண்மை. காலிப் பணியிடங்களை நிரப்பவும், தடய அறிவியல் அறிக்கையை விரைவாகத் தரவும், சம்மனை ஒழுங்காக உரியவரிடம் சேர்க்கவும் கேட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன், படித்துப் பார்த்துவிட்டு.

தம்பியை விசாரணைக்கு அழைத்துப்போய் அடித்தார்கள். சிசிடிவி பதிவு கேட்டால் ‘அழிந்துவிட்டது’ என்கிறார்கள். (சிவகங்கை)

சாத்தான்குளத்திலும் இதுவே நடந்தது. கணினியில் இடம் இருந்தும், பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அதே 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் வழக்கில் 18 மாதப் பதிவை வைத்திருக்கச் சொன்னது. எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ‘அழிந்துவிட்டது’ என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவே உங்களுக்கு ஆதாரம்.

தம்பியை ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாரா? பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. காயத்தைக் காட்டவேண்டிய முதல் இடம் அதுதான். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனுப் போடுங்கள். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று உண்டே என்று கேட்பீர்கள். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஓர் அமைப்பு. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டம் அந்த நாற்காலியில் உள்துறைச் செயலரை உட்காரவைத்தது, உறுப்பினர்களாகக் காவல் உயரதிகாரிகளை வைத்தது. யார் மீது புகாரோ அவர்களுடைய துறையிலேயே மனுக் கொடுக்கச் சொன்னால் மக்களுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

என் அண்ணன் கொலை வழக்கில் எல்லோரும் விடுதலை. போலீஸ் விலைபோய்விட்டதா? (திருநெல்வேலி)

தீர்ப்பைப் படித்தீர்களா? படிக்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். சாட்சிகள் பிறழ்ந்தார்களா, எப்.ஐ.ஆர். நீதிமன்றத்துக்குத் தாமதமாகப் போனதா என்று பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவன் தானாக வி.ஏ.ஓ.விடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்ற கதை நம் ஊர்க் கொலை வழக்குகளில் அடிக்கடி வரும். முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஒருவன் ஏன் மனம் திறக்கவேண்டும் என்று நீதிபதிகள் கேட்கிறார்கள். இப்படி ஒட்டுப்போட்ட வழக்கு நேர்மையான சாட்சியையும் சேர்த்துக் கெடுத்துவிடும். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே உரிமை உண்டு. காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை. (அரியலூர்)

15100 எண்ணில் அழையுங்கள், அல்லது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது.

நான் தலைமைக் காவலர். எப்போதும் எங்களையே குறை சொல்கிறீர்கள். ஒருவரைக் காலையில் பிடித்துவந்துவிட்டு, இரவில் கைது செய்ததாக எழுதச் சொல்கிறார்கள். மறுத்தால் இடமாற்றம். நான் என்ன செய்வது? (ஊர் வேண்டாம்)

இம்முறை வந்தவற்றில் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்த கடிதம் உங்களுடையது. பிடித்த நேரத்திலிருந்து 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. அந்தக் காலை முதல் இரவு வரை அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அடி விழுவது அந்த நேரத்தில்தான். பின்னால் ஏதாவது நடந்தால் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து, சொன்னவருடையது அல்ல. சாத்தான்குளத்தில் அன்றிரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் ஒரு பெண் தலைமைக் காவலர். அவருக்கும் வேலையும் குடும்பமும் இருந்தன, மிகுந்த பயமும் இருந்தது.

பொது நாட்குறிப்பில் நீங்கள் பார்த்த நேரத்தையே எழுதுங்கள். மாற்றச் சொன்னால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். அவர் சொன்ன தேதியையும் நேரத்தையும் வீட்டில் ஒரு நோட்டில் அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். இடமாற்ற உத்தரவு வந்தால் அந்த நோட்டோடு என்னைப் பார்க்க வாருங்கள், கட்டணம் வேண்டாம்.