குழந்தைப் பேச்சு அப்ராக்ஸியா: தருமபுரி, கிருஷ்ணகிரி தெரபிஸ்ட்டுகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டு மாவட்டங்களிலும் பணிபுரியும் ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள் கேட்ட கேள்விகள் இவை. பெற்றோர் கேள்வி ஒன்றும் உண்டு. அப்ராக்ஸியா என்பது, தசையில் பலக்குறைவு இல்லாமலே, பேசுவதற்கான வாயசைவுகளைத் திட்டமிடுவதில் மூளை தடுமாறும் கோளாறு. பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்டல், பேச்சு மொழிப் பட்டப்படிப்பு) முடித்தவர்களை மனதில் வைத்து எழுதியிருப்பதால் அடிப்படை விளக்கங்களைக் குறைத்திருக்கிறேன்.

அரூர்: மூன்றரை வயதுப் பையன், நாலைந்து சொல்தான் பேசுகிறான். முன்பு பார்த்தவர் ரிப்போர்ட்டில் அப்ராக்ஸியா என்று எழுதிவிட்டார். எதை வைத்து உறுதி செய்வது மேடம்?

நாலைந்து சொல்லை வைத்து யாராலும் உறுதி செய்ய முடியாது. ரிப்போர்ட்டில் "அப்ராக்ஸியா சந்தேகம்" என்று மட்டும் எழுதி, சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள். சிகிச்சைக்கு அவன் எப்படி மாறுகிறான் என்பதே பாதி விடை சொல்லும். அதற்கு முன் காது கேட்கும் திறன் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கமான ஆஷா 2007-ல் வெளியிட்ட அறிக்கை மூன்று அறிகுறிகளைச் சொல்கிறது. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லும்போது மெய்யும் உயிரும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகப் பிழைப்பது. ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடம் இழுபடுவது அல்லது அறுந்துபோவது. சொல்லின் அழுத்தமும் வாக்கியத்தின் ஏற்ற இறக்கமும் தவறுவது. "தக்காளி" என்று மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். மூன்று முறையும் "தத்தாளி" என்றால் அது ஒலியமைப்புக் கோளாறின் (மொழியின் ஒலி விதிகளைத் தவறாகப் பழகுவதன்) வழக்கமான பாணி. "தத்தாயி", "காளி", "த... பாளி" என்று வந்தால் கூர்ந்து கவனியுங்கள்.

ஓசூர்: மாறி மாறிப் பிழை செய்தாலே அப்ராக்ஸியா என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சீரற்ற ஒலியமைப்புக் கோளாறு என்று தனியாக ஒன்று இருக்கிறது. பேச்சு ஆய்வாளர் பார்பரா டாட் அதற்கு 25 சொற்களை மூன்று முறை சொல்ல வைத்து, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாறினால் சீரற்றது என்று கணக்கிடுகிறார். அந்தக் குழந்தைகள் தானாகச் சொல்வதைவிட, நீங்கள் சொல்லிக் காட்டினால் நன்றாகச் சொல்வார்கள். அப்ராக்ஸியா குழந்தையோ சொல்லிக் காட்டினாலும் சரியான வாயசைவைத் தேடித் தடுமாறும். தசைத் தளர்ச்சி, எச்சில் வடிதல், எல்லா ஒலியிலும் ஒரே மாதிரி மங்கல் இருந்தால் டிஸார்த்ரியா (பேச்சுத் தசைகளின் பாதிப்பால் வரும் கோளாறு) பக்கம் போய்ப் பாருங்கள். அப்ராக்ஸியாவும் டிஸார்த்ரியாவும் சேர்ந்தும் வரும்.

ப, த, க அசைகளை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் "பதக பதக" பரிசோதனையில் ஓர் எச்சரிக்கை. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனித்து வரும் வல்லினம் இயல்பாகவே மெலியும். குழந்தை "பதஹ" என்றால் அது பிழை ஆகாது. வரிசை மாறுகிறதா, நடுவில் நிற்கிறதா என்பதை மட்டும் குறியுங்கள்.

கிருஷ்ணகிரி: மூன்றாவது அறிகுறிதான் குழப்புகிறது. ஆங்கிலத்தில் சொல்லழுத்தம் மாறினால் பொருளே மாறும். தமிழில் அப்படி இல்லையே?

ஆங்கிலப் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாத இடம் இதுதான். தமிழில் அந்த வேலையைக் குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பும் செய்கின்றன. படம், பாடம். கல், கால். முடி, மூடி. படு, பட்டு, பாட்டு. அப்ராக்ஸியா குழந்தைக்குக் கால அளவைக் கையாள்வது கடினம் என்பதால் அந்தத் தடுமாற்றம் இங்கே வெளிப்படும். "பட்டு" என்பது ஒரு முறை "படு" ஆகும், மறுமுறை "பாட்டு" ஆகும். அசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, எல்லா அசையையும் ஒரே நீளத்தில் அடுக்குவதும் உண்டு: "வா. ழை. பா. ழம்." இதைத் தனிப் பத்தியாகவே பதிவு செய்யுங்கள்.

எடித் ஸ்ட்ராண்டும் ரெபேக்கா மெக்காலியும் உருவாக்கிய டெம்ஸ் என்ற பேச்சு அசைவுப் பரிசோதனையை வைத்திருப்பவர்கள் அதன் சொற்களை மொழிபெயர்த்து மதிப்பெண் போட வேண்டாம். அந்த மதிப்பெண் ஆங்கிலச் சொற்களுக்கானது. ஓரசை, ஈரசை, மூவசை என்று ஏறும் அமைப்பையும், உதவி கொடுத்தால் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் முறையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு: டி.டி.டி.சி. (சேர்ந்து சொல்லத் தொடங்கி, உதவியை மெல்லக் குறைக்கும் ஸ்ட்ராண்டின் முறை) செஷனைப் படிப்படியாகச் சொல்லுங்கள். எனக்கு முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

கடுமையான குழந்தைக்கு ஐந்து ஆறு இலக்குகள் போதும். வீட்டில் தினமும் தேவைப்படும் சொற்களாக எடுங்கள்: வா, போ, தா, மேல, இல்ல, அம்மா வா. ழ, ற எல்லாம் இந்த வயதில் இலக்கே ஆகாது. உங்கள் முகமும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

முதலில் இருவரும் ஒன்றாக, மெதுவாகச் சொல்கிறீர்கள். உதடு சேரவில்லை என்றால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து மூடக் காட்டலாம். தொடுவதற்குப் பெற்றோரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். சரியாக வரத் தொடங்கியதும் உங்கள் குரலைக் குறைத்து, வாயசைவை மட்டும் காட்டுங்கள். அடுத்து, நீங்கள் சொன்ன உடனே குழந்தை சொல்ல வேண்டும். அதன்பின் ஒன்றிரண்டு விநாடி பொறுத்துச் சொல்ல வேண்டும். கடைசியாக, கேள்வி கேட்டால் தானாகச் சொல்ல வேண்டும். தவறினால் உடனே ஒரு படி இறங்குங்கள், வந்ததும் ஏறுங்கள். இந்த ஏற்ற இறக்கம் ஒரே நிமிடத்துக்குள் பலமுறை நடக்கும். ஒரு படியை ஒரு வாரம் என்று பிரிப்பவர்கள்தான் முதல் படியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிழைக்கும் இன்னொரு இடம் மெதுவாகச் சொல்லும் விதம். "அ... ம்... மா" என்று உடைத்தால், ஒலிக்கு ஒலி தாவும் அசைவை நாமே வெட்டிவிடுகிறோம். இழுக்க வேண்டும், உடைக்கக் கூடாது. ஆங்கில வீடியோக்களில் உயிரை நீட்டி இழுப்பார்கள். தமிழில் அதையே செய்தால் "படம்" "பாடம்" ஆகிவிடும். குழந்தை அந்தத் தவறான நீளத்தையே பழகும். ஆகவே தொடக்க இலக்குகளில் நெடில் இருக்கட்டும். வா, போ, மாமா, பால் இவற்றை எவ்வளவு இழுத்தாலும் கெடுதல் இல்லை. குறில் உள்ள சொல்லில் ம, ன, ல போன்ற நீட்டக்கூடிய மெய்யை இழுங்கள்: "அம்ம்ம்மா". "பட்டு" போன்றவற்றில் வல்லினத்தின் அடைப்பைச் சற்றுப் பிடித்து விடுங்கள். எப்படியானாலும் இயல்பு வேகத்துக்குத் திரும்பாமல் அந்தச் சொல்லை "வந்துவிட்டது" என்று எழுதாதீர்கள்.

அரை மணி நேரத்தில் நூறு முயற்சியைத் தொடப் பாருங்கள். முப்பதிலேயே நின்றால் பொம்மையும் ஸ்டிக்கரும் நேரத்தைத் தின்கின்றன என்று பொருள். தொடக்கத்தில் ஒரே சொல்லைத் தொடர்ந்து சொல்ல வைக்கலாம். ஓரளவு நிலைத்ததும் சொற்களைக் கலந்து கேளுங்கள். கலந்தால் செஷனில் தடுமாறுவார்கள், ஆனால் அடுத்த வாரம் நினைவில் நிற்பது அதுதான்.

பென்னாகரத்திலிருந்து ஒரு தாய்: நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள். விசில் ஊதுவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது என்று ஒரு பயிற்சித் தாளும் கொடுத்திருக்கிறார்கள். செய்யலாமா?

வசம்பு வேண்டாம்மா. பேச்சுக்குப் பயன் இல்லை. அதிலுள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை கொண்ட பொருள். விசிலும் ஸ்ட்ராவும் விளையாட்டுக்குச் சரி. ஊதுவதும் பேசுவதும் மூளைக்கு வேறு வேறு வேலை; ஊதிப் பழகிப் பேச்சு வந்ததற்கு ஆதாரம் இல்லை. குழந்தைக்கு நாக்கில் பலக்குறைவு இல்லை. நாக்கை எப்போது, எங்கே, எந்த வரிசையில் கொண்டுபோவது என்று திட்டமிடுவதில்தான் சிக்கல். அந்த நேரத்தில் அவன் சொல்ல முடிந்த இரண்டு சொற்களை இருபது முறை சொல்ல வையுங்கள்.

தருமபுரி: பொருளற்ற சொற்களை அழுத்தம் மாற்றிச் சொல்ல வைக்கும் ரெஸ்ட் முறைக்கு வாரம் நான்கு செஷன் என்கிறார்கள். பஸ் பிடித்து வாரம் ஒரு முறை வருபவர்களை வைத்து என்ன செய்வது மேடம்?

சிட்னி பல்கலைக்கழகத்தில் உருவான ரெஸ்ட்டின் கணக்கு இது: வாரம் 4 என மூன்று வாரத்தில் 12 செஷன். ஒவ்வொன்றிலும் பொருளற்ற 20 சொற்கள், நூறு முயற்சி. சரியா தவறா என்று மட்டும், அதுவும் ஏறத்தாழப் பாதி முயற்சிகளுக்கே, சில விநாடி கழித்துச் சொல்வார்கள். 4 முதல் 12 வயது வரை பொருந்தும். வாரம் 2 என ஆறு வாரம் செய்தும் பார்த்திருக்கிறார்கள், பலன் இருந்தது. வீடியோ வழியாகச் செய்ததிலும் பலன் கிடைத்தது. ஆகவே ஒரு நாள் நேரில், இரண்டு நாள் வீடியோவில் என்று பிரியுங்கள். செஷனைப் பாதியாகப் பிரித்துப் பெற்றோரிடம் கொடுத்த ஆய்வில் எல்லாக் குழந்தைகளும் முன்னேறவில்லை. வீட்டுக்கு அனுப்புவது ஏற்கெனவே நிலைத்த சொற்களாக மட்டும் இருக்கட்டும்.

தமிழுக்குச் சொல் உருவாக்கும்போது அழுத்தத்துக்குப் பதில் நீளத்தை மாற்றிப் பார்க்கலாம்: பாதிமு, பதீமு, பத்திமு. இது ஒரு தழுவல் மட்டுமே. ஆய்வில் நிரூபிக்கப்பட்டது ஆங்கில வடிவம். ரிப்போர்ட்டில் "ரெஸ்ட்" என்று மட்டும் எழுதிப் பெற்றோருக்குத் தவறான நம்பிக்கை தர வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை: வீட்டில் தெலுங்கு, பக்கத்தில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஒரு மொழியை நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம். பாட்டியிடம் பேசும் மொழியைப் பறித்துவிட்டுச் சிகிச்சை செய்வதில் அர்த்தமில்லை. மா, பா போல எல்லா மொழியிலும் பயன்படும் அசைகளிலிருந்து தொடங்கி, வீட்டில் எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழிச் சொற்களை முதல் இலக்காக்குங்கள். படப் பலகையோ டேப்லெட்டோ கொடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்ற பயமும் தேவையில்லை. அப்படி நின்றதாக ஆய்வுகள் காட்டவில்லை.

பர்கூர்: கையில் காசு குறைவு. எந்தப் பயிற்சியை முதலில் எடுப்பது?

உங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் நான்கு வயதுக்குக் கீழ், சொல் குறைவானவர்கள் என்றால் டி.டி.டி.சி. ஸ்ட்ராண்டே நடத்தும் இணைய வகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளி வயதுக் குழந்தைகள் அதிகம் என்றால் ரெஸ்ட். அதற்கும் சிட்னி பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பயிற்சி உண்டு. முகத்தைத் தொட்டு ஒலியசைவைக் காட்டும் பிராம்ப்ட் முறை கட்டணப் பயிற்சி, கட்டம் கட்டமாகப் போகும்; முதல் இரண்டும் கைவந்த பிறகு யோசிக்கலாம். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவைப் புதுப்பிக்க சி.ஆர்.இ. (தொடர்கல்வி) புள்ளி வேண்டுமென்றால், வகுப்பு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழ் தானாகப் புள்ளி ஆகாது.

எந்த வகுப்பானாலும் பார்த்து முடித்த வாரமே ஒரு குழந்தையின் செஷனை, பெற்றோர் சம்மதத்தோடு, பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். எத்தனை முயற்சி, எத்தனை முறை உதவியைக் குறைத்தீர்கள், எத்தனை முறை நீங்களே பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று எண்ணுங்கள். கூடவே, பயிற்சி கொடுக்காத பத்துச் சொற்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எந்த உதவியும் இல்லாமல் கேட்டுக் குறித்து வையுங்கள். பயிற்சிச் சொற்கள் ஏறியும் இந்தப் பத்தும் அசையவில்லை என்றால், இலக்குகளின் அசை அமைப்பை மாற்ற வேண்டும்.